சுஜியின் வைக்கோல் தலை

பொழிச்சலூரில் வீட்டு ஓனர் லோகநாதன் மொட்டைமாடியிலிருந்து விழுந்து செத்துப்போன நேரத்தில், அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பியூட்டி பார்லர் நடத்தும் ஜான்சி, சுஜி என்கிற கல்யாணப் பெண்ணின் தலையோடு போராடிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து கரன்ட் இல்லை. வாய்க்கு வந்தபடி கரன்ட்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழப் பறந்து போயிற்று. இரைச்சல் அடங்கியதும் பின்பக்கச் சந்திலிருந்து ஓனரம்மா அங்காளம்மாள் அலறுவது கேட்டது.

லோகநாதனுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் மகன் சக்திவேலைத்தான் வளர்த்தார்கள். அவன்தான் போலீசிடம் நடந்ததைச் சொன்னான். டேங்க் நிரம்பி வழிகிறதென்று சித்தப்பா மேலே ஓடினார், ஈரத்தில் வழுக்கிவிட்டது. மாடித் தரையும் ஈரமாகத்தான் இருந்தது. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். போலீஸ் வந்து சேர்வதற்குள் கரன்டும் வந்துவிட்டதால் யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

முதல் மாடியில் குடியிருந்த சத்யபிரியாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். அந்த வேலை நேரத்தில் பாதியைத் துப்பறியும் சீரியல்களுக்குக் கொடுப்பவள். எதிர்வீட்டு நாய் செத்ததற்கே மூன்று பேரைச் சந்தேகப்பட்டிருந்தாள். அதனால் ஜான்சி அவள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பால் ஊற்றிய மறுநாள் சுஜி பார்லருக்கு வந்தாள். முக்காட்டை எடுத்தாள். முடி வெளுத்து வைக்கோலாகியிருந்தது.

"இன்னாக்கா இது? இந்தத் தலையோட நான் எப்படி மணவறையில உக்கார்றது?"

"நான் என்னம்மா பண்றது? அன்னிக்கு கலருக்காகப் போட்ட ப்ளீச்சக் கழுவலாம்னு பார்த்தா குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. கேன் தண்ணி வாங்கிட்டு வர்றதுக்குள்ள லேட்டாயிடுச்சு. டேங்கே காலி. கரன்ட் இருந்தாதானே மோட்டார் போட முடியும்?"

சொல்லி முடித்ததும் ஜான்சியின் கை அப்படியே நின்றது. ஓரத்தில் உட்கார்ந்து பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்த சத்யபிரியா எழுந்தே விட்டாள்.

"அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க."

"டேங்க் காலின்னேன்."

"அப்ப வழிஞ்சது எது?"

சுஜிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தன் தலைக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஜான்சியும் சத்யபிரியாவும் துக்கம் விசாரிக்கிற சாக்கில் மேலே ஓனர் வீட்டுக்குப் போனார்கள். அங்காளம்மாள் உள்ளே படுத்திருந்தாள். சக்திவேல் நாற்காலி போட்டான்.

"பாவம், டேங்க் ரொம்ப நேரமா வழிஞ்சுதாப்பா?" என்று ஜான்சி கேட்டாள்.

"ஆமாக்கா. கொட்டிக்கினே கீது. நான்தான் ஓடியாந்து மோட்டார ஆஃப் பண்ணேன்."

சத்யபிரியா ஜான்சியின் காலை மிதித்தாள். படியிறங்கும்போதுகூட மிதித்த காலை எடுக்காதவள்போல ஒட்டிக்கொண்டே வந்தாள். ஜான்சிக்கு அதுவரை இது விளையாட்டாகத்தான் இருந்தது. இந்தப் பையன் போன வாரம்கூட அவளுடைய கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தவன்.

ஸ்டேஷனில் இருவரும் சொன்னதைக் கேட்டு இன்ஸ்பெக்டர் முதலில் கொட்டாவி விட்டார். அவர்கள் சுஜியை அழைத்துவந்து தலையைக் காட்டச் சொன்ன பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். மின்வாரியத்துக்குப் போன் போட்டார். பராமரிப்புக்காக அன்று மதியம் வரை மின்தடை என்றார்கள்.

சக்திவேல் அதிக நேரம் தாக்குப்பிடிக்கவில்லை. மாடியில் செல்போன் டவர் வைக்க ஒரு கம்பெனியிடம் அவன் பேசி முடித்திருந்தான். லோகநாதனோ தன் புறாக்கூண்டை நகர்த்த மாட்டேன் என்றார். வாய்ச்சண்டை முற்றியதில் அவன் பிடித்துத் தள்ளினான். அவர் விழுந்ததும் பயந்துபோய், புறாக்களுக்கு வைத்திருந்த குடத்துத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தான்.

"ஏன்டா, கரன்ட் இல்லன்னுகூடவா தெரியல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க வூட்ல இன்வெர்ட்டர் கீது சார். ஃபேன் ஓடிக்கினுதான் இருந்துச்சு."

தெருவில் ஜான்சிக்கும் சத்யபிரியாவுக்கும் பேர் வந்தது. சத்யபிரியா எதிர்வீட்டு நாயின் வழக்கை மறுபடி எடுத்தாள். அங்காளம்மாள் மட்டும் ஜான்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேரை இழந்தவளிடம் என்ன பேசுவதென்று ஜான்சிக்கும் தெரியவில்லை. பார்லரைப் பம்மலுக்கு மாற்றிவிடலாமா என்று யோசித்தாள்.

ஒரு நாள் மத்தியானம் அங்காளம்மாளே உள்ளே வந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். ஜான்சி சீப்பை எடுத்து, சிக்குப் பிடித்திருந்த அந்த நரைமுடியை மெதுவாகப் பிரித்தாள்.

"அவனுக்கு வக்கீல் வெச்சிக்கீறேன்" என்றாள் அங்காளம்மாள். "நான் சோறு ஊட்டி வளத்த புள்ள."

"சரிக்கா."

"நீ கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்வியா?"

ஜான்சி சீப்பை நிறுத்தாமல், "கூப்பிட்டா வரணும்க்கா" என்றாள்.

அங்காளம்மாள் கண்ணாடியில் அவளையே பார்த்தாள்.

"வா. வந்து உள்ளதச் சொல்லு. அந்த மனுசனுக்கும் யாராவது பேசணும்ல."