ஏழாம் நம்பர் அறையின் தாழ்ப்பாள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் உதித்ததல்ல. நான் கூலிக்கு எழுதிக்கொடுத்த ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி வந்தது. தேயிலைத் தோட்டத்தின் துரை பங்களாவை ஓட்டலாக மாற்றியவர்கள், தோட்டத்தின் நூற்றைம்பது வருஷ வரலாற்றை விருந்தாளிகளுக்கு 'இனிமையாக' எழுதித்தர ஆள் தேடினார்கள். போனேன். பங்களாவிலேயே தங்கவைத்து உபசரித்தார்கள். இனிமையாகவே எழுதினேன். அதில் ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்து தினமும் ஒப்பிக்க வேண்டியிருந்தவர்தான் இந்தக் கதையின் நாயகி.

("நாயகியெல்லாம் வேணாம், ஏழாம் நம்பர்னே எழுதுங்க. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க" என்றார். அப்படியே எழுதுகிறேன்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: பனி விலகாத மலைச்சரிவில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல

வேண்டாம். கம்பளம் என்றால் அதை மிதிக்க யாரோ இருக்கிறான் என்று அர்த்தம். தவிர, இது ஓட்டல் பிரசுரத்தில் நானே எழுதிய வரி.

இரண்டாம் முயற்சி: கப்பலில் வந்த கூலிகள் காட்டை அழித்துத் தோட்டம்

அழித்தது வந்தவர்களா, பிடித்துக்கொண்டு வந்தவனா? இதையும் பாதியில் விடுகிறேன்.

மூன்றாவது: ஏழாம் நம்பர் அக்காவின் வீட்டுக் கூரை பதினோரு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது.

இது நிற்கும். இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

முப்பத்திரண்டு வருஷமாகக் கொழுந்து பறிப்பவர் அக்கா. அவர் குடியிருந்தது லயத்தில். லயம் என்றால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளின் வரிசை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரு கதவு, மேலே தகரம். அந்தத் தோட்டத்தில் அப்படி ஒன்பது வரிசை. ஏழாம் நம்பர் அறையில் அக்கா, அவர் கணவர், இரண்டு பெண்கள், தங்கை, தங்கை புருஷன், அவர்களுடைய கைக்குழந்தை. கூரையை மாற்றித்தரச் சொல்லி அக்கா வருஷாவருஷம் ஆபீசுக்கு நடந்தார். "மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்" என்றார்கள். நான்காவது வருஷ மழையில், தங்கையின் குழந்தை நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறி இறந்தது. ஆபீசில் அனுதாபம் தெரிவித்துவிட்டு, மறுபடியும் மேலிடத்துக்கு எழுதினார்கள்.

(முதல் வரைவில் அக்காவை 'அவள்' என்று எழுதியிருந்தேன். தோட்டத்தை உண்டாக்கிய துரையை 'அவர்' என்று எழுதிய அதே பேனாதான். அடித்துத் திருத்த எனக்கு மூன்று வரைவுகள் தேவைப்பட்டன.)

3

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பங்களா அலமாரியில் அந்த முதல் துரை கட்டட மேஸ்திரிக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. குதிரைக் கொட்டகைக்குப் பதினான்கடி உயரம், காற்றோட்டத்துக்கு நான்கு ஜன்னல். வேலைக்காரர் அறைகளுக்கு ஜன்னல் வேண்டாம். அவர்களுக்கு அது பழக்கமில்லை.

தமிழில் குதிரை நிற்கும் இடம் லாயம். இவர்கள் இருந்த இடம் லயம். ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். அந்தக் காலையும் குதிரைக்கே கொடுத்திருக்கிறார்கள்.

துரைமார் போய் நாளாகிவிட்டது. தோட்டம் நாலு கம்பெனி கைமாறியது. முதலாளிகள் இப்போது நம் நிறத்தில் இருக்கிறார்கள், நம் பாஷை பேசுகிறார்கள். ஜன்னல் மட்டும் இன்னும் வரவில்லை. இந்தக் கடிதத்தை நான் வரலாற்றில் சேர்க்கவில்லை. மேனேஜர் வேண்டாம் என்று சொன்னாரா என்றால், அவர் சொல்லும் அளவுக்கு நான் வைத்துக்கொள்ளவில்லை. நானாகவே விட்டுவிட்டேன்.

4

ஓட்டல்காரர்களுக்கு ஒரு 'பாரம்பரிய அறை' தேவைப்பட்டது. இருப்பதிலேயே பழையதாகத் தெரிந்தது ஏழாம் நம்பர். அக்காவின் குடும்பத்தை அதே வரிசைக் கடைசியில், பதின்மூன்றாம் நம்பரில், அண்ணன் குடும்பத்தோடு சேர்த்துவிட்டார்கள். பதினோரு வருஷம் நடக்காத வேலை ஒன்பது நாளில் நடந்தது. புதுக் கூரை, மரத்தில் உள்கூரை, ஜன்னல்கூட. புதுக் கூரை எட்டாம் நம்பர் சுவரில் கத்தி வைத்து அறுத்தாற்போல நின்றது. அதில் விழுந்த தண்ணீரெல்லாம் இனி எட்டாம் நம்பருக்குள் இறங்கும்படி சரிவு வைத்திருந்தார்கள்.

அக்காவுக்குக் கூடையை மாட்டிவிட்டு அறைவாசலில் நிறுத்தினார்கள். நான் எழுதிய பக்கத்தை அவர் சொல்ல வேண்டும்: 'இது எங்கள் வீடு. இந்தச் சின்ன அறையில் நாங்கள் கூடி மகிழ்ந்து வாழ்ந்தோம்.'

ஒத்திகையில் அக்கா கேட்டார்: "கூடி சரி சார். மகிழ்ந்து எங்கருந்து வந்துச்சு?"

"அது ஒரு நடைக்காகப் போட்டதுக்கா."

அக்கா கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பிறகு, "சரி, நடக்கட்டும்" என்றார்.

(அவர் அதைக் கிண்டலாகச் சொன்னார் என்பது எனக்குப் புரிய இரண்டு நாளாயிற்று.)

5

ஒரு மாதம் ஒப்பித்தார். பிறகு ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வந்திருந்த விருந்தாளி அம்மாள் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, "தகரத்துல மழைச் சத்தம் கேக்கவே எவ்வளவு சுகமா இருக்கு. நீங்கள்லாம் குடுத்து வெச்சவங்க" என்றார்.

அந்தக் கட்டில் கிடந்த மூலையில்தான் தங்கையின் குழந்தை கிடந்தது.

அக்கா கூடையை இறக்கிவைத்தார். "கொஞ்சம் வெளிய நில்லுங்கம்மா" என்றார். அந்த அம்மாள் ஏதோ வேடிக்கை காட்டப்போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அக்கா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

மேனேஜர் குடையோடு ஓடிவந்தார். தட்டினார், அதட்டினார், கெஞ்சினார். கடைசியில் என்னை அனுப்பினார். "எழுத்தாளர்தானே, பக்குவமாப் பேசுங்க."

"அக்கா, நான்தான். கதவத் திறங்க."

"எதுக்கு சார்? என் வீடுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

நான் கதவில் காதை வைத்தேன். உள்ளேயிருந்து குரல் கொஞ்சம் தாழ்ந்து வந்தது: "தண்ணி சொட்டாம இந்த ரூம்ல நான் உக்காந்ததே இல்ல. கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்."

6

இங்கே உங்களுக்குப் பல முடிவுகள் தர முடியும்.

அ) போலீஸ் வந்து கதவை உடைக்கிறது. (பத்திரிகைக் கதைக்கு ஏற்றது.)

ஆ) கம்பெனி முதலாளி நேரில் வந்து மனம் திருந்தி (இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

நடந்தது இவ்வளவுதான். மறுநாள் காலை எட்டாம் நம்பர்காரி கூடையை எடுக்காமல் வந்து ஏழாம் நம்பர் வாசலில் உட்கார்ந்தார். பிறகு தங்கை. பிறகு ஒன்பது வரிசைப் பெண்களும். கொழுந்து தளதளவென்று நின்ற பருவம். மூன்று நாள் போனால் முற்றிவிடும். ஜன்னல் வழியாகச் சோறு உள்ளே போனது. அந்த ஜன்னலால் கிடைத்த முதல் உபயோகம் அதுதான். நாலாம் நாள் லாரியில் தகரம் வந்து இறங்கியது. ஒரு வரிசைக்கு மட்டும். மற்ற எட்டுக்கும் 'படிப்படியாக' என்று ஒரு கடிதம்.

அக்கா கதவைத் திறந்தார். ஓட்டல் வேலை போயிற்று. ஏழாம் நம்பர் ஓட்டலிடமே இருக்கிறது. பதின்மூன்றாம் நம்பரில் பதினொரு பேர், ஒழுகாத கூரைக்குக் கீழே. வாசலில் இப்போது வேறொரு பெண் கூடையோடு நின்று நான் எழுதிய பக்கத்தை ஒப்பிக்கிறார். எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை எழுதினேன். மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.

7

இவ்வளவையும் எழுதி எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். இலை நிறுக்கும் இடத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து கேட்டார். குழந்தை வரும் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கூடைக் கயிற்றை ஒருமுறை இறுக்கிக் கட்டிவிட்டு, "ம், படிங்க" என்றார்.

கடைசியில் ஒரு பத்தி வைத்திருந்தேன். மழை விட்டு வெயில் அடிக்கிறது, புதுத் தகரம் மின்னுகிறது, பெண்கள் சரிவில் ஏறிப் போகிறார்கள். நன்றாகவே வந்திருந்தது.

"அத எடுத்துருங்க தம்பி," என்றார் அக்கா. முதல் தடவையாக என்னைத் தம்பி என்றார்.

"ஏன்க்கா, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் சொல்றேன். படிக்கறவங்க முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்குவாங்க. இன்னும் எட்டு வரிசை கெடக்கு."

எடுத்துவிட்டேன்.