எட்டு நிமிட விசா

மயிலாத்தாள் செத்து ஏழு மாதம் ஆகிறது. அவள் போன ஊருக்கு இப்போது குறுகிய கால விசா கொடுக்கிறார்கள். அவள் புருஷன் நாச்சிமுத்து காலை எட்டு மணிக்கே போய் வரிசையில் நின்றார். பீளமேட்டில் முப்பது வருஷமாகக் கிரைண்டர் ரிப்பேர் பார்ப்பவர். இடுப்பில் திருப்புளி இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போகமாட்டார்.

கவுண்டரில் ஒரு அம்மாள் இருந்தார். அவர் பேசப் பேசக் கவுண்டர் உயர்ந்துகொண்டே போனது. நாச்சிமுத்து எக்கி நின்று பதில் சொன்னார்.

"டூரிஸ்டா, பிசினஸா?"

"சம்சாரத்தப் பாக்கோணுமுங்க."

"டூரிஸ்ட்னா பாக்கலாம். பேசக் கூடாது."

"பேசோணுமுங்களே."

"அப்ப பிசினஸ். எட்டு நிமிஷம் மீட்டிங். என்ன பேசப் போறீங்கன்னு எழுதிக் குடுங்க."

செத்த அன்றைக்கு மயிலாத்தாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ஒரு நாளைக்குப் போகாதீங்கோ" என்றாள். கல்யாண மண்டபத்தில் கிரைண்டர் நின்றுவிட்டது என்று இவர் போனார். அரை மணி நேர வேலைதான். திரும்பி வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். பாவி மனுஷன், அந்த அரை மணி நேரத்தை ஏழு மாதமாகச் சுமக்கிறார். 'போனது தப்பு' என்று எழுதிக் கொடுத்தார்.

அம்மாள் முத்திரை குத்தினார். "அங்க போயி எந்த வேலையும் பாக்கக் கூடாது. பாத்தா விசா ரத்து. மறுபடி கிடைக்காது."

"செரிங்க."

"திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?"

"உளுந்து ஊறப் போட்டிருக்கேனுங்க."

"எவ்வளவு?"

"ரெண்டு டம்ளர்."

"போதும்."

உள்ளே போகும் நடை நீளமாக இருந்தது. நடக்க நடக்க இன்னும் நீண்டது. வழியில் அவருக்கு இரண்டு தடவை தாடி வளர்ந்து உதிர்ந்தது.

கடைசியில் ஒரு அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு கிரைண்டர் உள்ளே ஒன்றும் இல்லாமல் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் கடிகாரம் மாட்டும் ஆணியில் ஓர் அதிகாரி தொங்கினார்.

"இன்னும் ஏழு நிமிஷம்," என்றார் அதிகாரி.

"மயிலு, அன்னைக்கு நானு..."

"என்னங்க? கேக்கலீங்க."

"போயிருக்கக் கூடாது புள்ள."

"இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். சுடுகாட்டுக்கு அந்தப் பக்கமும் அது வரும் என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. ஒரு திருகு லூஸ். பார்க்கவே வேண்டாம், அவருக்குக் காதிலேயே தெரிந்துவிட்டது. கை தானாக இடுப்புக்குப் போனது. ஒரே முறுக்கு. சத்தம் நின்றது.

"வேலை பாத்துட்டீங்க," என்றார் அதிகாரி. "விசா ரத்து."

மயிலாத்தாள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "அன்னைக்கும் இதுக்குத்தானுங்களே போனீங்க," என்றாள். "இப்பச் சொல்லுங்க. நல்லாக் கேக்குது."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் வெளியே நின்றார். கதவு சாத்தியிருந்தது. திரும்பிப் போகும் நடை இரண்டே எட்டுதான்.

அவர் போகவில்லை. கதவில் காதை வைத்துக் கேட்டார். நாச்சிமுத்து கைபட்ட கிரைண்டர் ஓடுவதே தெரியாது என்று ஊரே சொல்லும். ஒரு சத்தமும் வரவில்லை. அது ஓடுகிறதா, அவள் இன்னும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் ரெண்டு டம்ளர் உளுந்து ஊறிக்கொண்டிருந்தது.