கைக்கு வந்த மரியாதை

அந்த வீட்டில் உருப்படியான நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் இப்போது கை உட்கார்ந்திருந்தது. கைக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் ஸ்டூலில் ஒண்டிக்கொண்டு, வலது கையை நாற்காலியின் தலையணைமேல் நீட்டி வைத்திருந்தார். வருகிறவர்கள் முதலில் நாற்காலியைத்தான் பார்த்தார்கள். அப்புறம் பெரிய மனது பண்ணி அவரையும் விசாரித்தார்கள்.

அவர் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவர். தெருவில் கட்டிங்காரர் என்று கேட்டால்தான் தெரியும். காகிதம் வெட்டும் மெஷினில் இரண்டு பொத்தான் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை பத்திரமாக இருக்கட்டும் என்று எவனோ புண்ணியவான் யோசித்துச் செய்தது அது. ஒரு பொத்தானில் தீக்குச்சியைச் சொருகிவிட்டால் ஒரு கை மிச்சம் என்பது அச்சகக்காரர்கள் யோசித்துச் செய்தது. அப்படி மிச்சமான வலது கைதான் ஒருநாள் மணிக்கட்டோடு போய்விட்டது.

அதைத் திரும்ப ஒட்டவைத்த டாக்டரம்மா லேசுப்பட்டவர் இல்லை. முடியைவிட மெல்லிய நூலை வைத்துக்கொண்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, எலும்பைப் பொருத்தி, ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் ஒவ்வொன்றாகத் தைத்தார். காலையில் உள்ளே போனவர் இருட்டிய பிறகுதான் வெளியே வந்தார். மெழுகாய் வெளுத்துக் கிடந்த விரல்களில் மெல்ல ரத்தம் ஏறிச் சிவந்தபோது, ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்களாம். அவர்களுக்கென்ன, ஆளுக்கு இரண்டு கை இருந்தது.

ஆனால் தெருவில் விசாரித்தால் கையைக் காப்பாற்றியது மீன்கடைக்காரன் என்பார்கள். அவன் கட்டிங்காரர் மனைவியின் தம்பி. கடை அச்சகத்துக்கு எதிரிலேயே இருந்தது. ஐஸ் பெட்டியில் கையை வைத்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான், அதில் பொய் இல்லை. ஆனால் முதலில் மீனைப் புதைப்பதுபோல நேரே ஐஸுக்குள் புதைக்கப் போனான். ஆஸ்பத்திரிக்குப் போட்ட போனில் இருந்த நர்ஸ்தான், “ஐயோ, ஈரத்துணியில சுத்தி, கவர்ல கட்டி, அப்புறம் ஐஸ் மேல வைங்க! நேரா வச்சா கை செத்துடும்!” என்று கத்தினாள். இப்போது அவன் சொல்லும் கதையில் அந்த நர்ஸைக் காணோம். துணியும் கவரும் அவன் சொந்த மூளையில் உதித்தவை ஆகிவிட்டன.

வீட்டில் கைக்கு நடந்த உபசாரம் கொஞ்சநஞ்சம் இல்லை. தண்ணீர் படக்கூடாது, காற்று அடிக்கக்கூடாது, கதவுப் பக்கம் போகக்கூடாது. மனைவி சோற்றை ஊட்டிவிட்டாள், சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். பிசியோதெரபியில் பிசைந்து பழகச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்தை, கை களைத்துப்போகும் என்று பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் கையை ஆள் இல்லாமல் தனியாகப் பார்த்தவள் அவள்.

போன தடவை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

“வீட்ல என்ன பண்றீங்க?”

“கண்ணுல வச்சுப் பாத்துக்கறோம் டாக்டர்” என்றாள் மனைவி பெருமையாக.

“அதான் கெட்டுது. உள்ள தசைநாரெல்லாம் ஒட்டிக்கிட்டு வருது. நான் தச்சது ஷோகேஸ்ல வைக்கவா? அடுத்த தடவை வரும்போது ஒரு டம்ளரையாவது பிடிச்சுக் காட்டணும். இல்லேன்னா கை இருக்கும், வேலைக்கு ஆகாது.”

அன்றிலிருந்து கட்டிங்காரருக்குச் சோறு இறங்கவில்லை. விரல்களைப் பார்த்து மடங்கு மடங்கு என்று மனதுக்குள் கெஞ்சுவார். அவை வேறு யாருடைய விரல்களோபோலச் சும்மா கிடக்கும். தொட்டாலும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. கை போனவன் என்று ஆகியிருந்தாலாவது நாலு பேர் இரக்கப்பட்டு வேறு வேலை கொடுத்திருப்பார்கள். கை இருக்கிறவனுக்கு எவன் இரக்கப்படுவான்?

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்கடைக்காரன் ஒரு கட்டு காலண்டரோடு வந்து இறங்கினான். கையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே கூடத்தை அடைத்திருந்தார்கள்.

“பாருங்க மாமா! உங்க முதலாளி அடிச்சிருக்காரு!”

காலண்டரில், முதலாளி பார்க்க வந்தபோது போட்டோ பிடித்துக்கொண்டு போன கட்டிங்காரருடைய கை, வெல்வெட் துணிமேல். கீழே, ‘உங்கள் சேவையில் எங்கள் கை’ என்று கொட்டை எழுத்து. படம் முழங்கைக்குக் கீழேயே முடிந்துவிட்டது. ஒரே கை இரண்டாவது தடவையாக வெட்டுப்பட்டிருந்தது, அதுவும் அதே மெஷினில். அதைக்கூட அவர் பொறுத்திருப்பார். காலண்டரின் ஓரம்தான் பொறுக்கவில்லை. கோணல்மாணலாக, ஒரு பக்கம் விரற்கடை இறங்கியிருந்தது.

“யாருடா இதை வெட்டினது?”

“புதுசா ஒருத்தனைப் போட்டிருக்காரு. நீங்க ஏன் மாமா கவலைப்படறீங்க? இனிமே நீங்க சும்மா வந்து ஆபீஸ் வாசல்ல உக்காந்தா போதுமாம். வர்ற பார்ட்டிங்க கையைப் பாத்துட்டு ஆர்டர் குடுப்பாங்களாம்.”

சொல்லிவிட்டு அவன் கூடத்துப் பக்கம் திரும்பித் தன் கதையை ஆரம்பித்தான். துணி வந்தது, கவர் வந்தது, ஐஸ் வந்தது. “நல்லாத் தொட்டுப் பாருங்க, கிள்ளக்கூடச் செய்யலாம், அவருக்கு ஒண்ணும் ஆகாது” என்று எதிர்வீட்டுக்காரரை நாற்காலிப் பக்கம் தள்ளினான். அந்த மனுஷரும் சரக்கு வாங்க வந்தவர்போல விரலைப் பிடித்து நிமிண்டினார்.

கட்டிங்காரருக்கு உச்சந்தலை வரை ஏறியது. ஸ்டூல் பின்னால் விழ எழுந்தார்.

“என் கைடா இது!”

அடுத்த நொடி மச்சினனின் சட்டைக் காலர் அவர் பிடியில் இருந்தது. பொத்தான் ஒன்று தெறித்துப் போய்ச் சுவரில் அடித்தது. மணிக்கட்டுக்குள் ஏதோ கிழிபட்டதுபோல முழங்கை வரை வலி பாய்ந்தது. கூடத்தில் ஒரே கூச்சல்.

“அக்கா! பிடிச்சுட்டாரு! மாமா வலது கையால பிடிச்சுட்டாருக்கா!”

நெரிபடுகிறவனே இப்படிக் கத்தினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? கைதட்டினார்கள். மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

“உன்னைக் கொன்னே போட்டுடுவேன்!” என்று பல்லைக் கடித்தார் கட்டிங்காரர்.

“கொல்லுங்க மாமா! இன்னும் நல்லா இறுக்கிப் பிடிங்க!”

அவருக்கு அழுகை முட்டியது. ஒரு மனுஷன் நிஜமாகக் கோபப்பட்டால்கூட அதையும் கையின் சாமர்த்தியத்தில் சேர்த்துவிட்டார்கள். எதற்குக் கோபம் என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! சீ என்று உதறிவிட்டு வெளியே போய்விடலாம் என்றால், மடங்கிய விரல்கள் திறக்க மறுத்தன. காலரும் கையுமாக இருவரும் முகத்துக்கு முகம் நின்றார்கள்.

மீன்கடைக்காரனின் சிரிப்பு அப்படியே கோணிக்கொண்டு போனது.

“பெட்டியைத் தூக்கிட்டு ஓடறப்ப உள்ள ஆடுச்சு மாமா” என்றான், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். “மூடியில வந்து வந்து தட்டுச்சு. கூப்பிடற மாதிரி. இதை மட்டும் நான் யார்கிட்டயும் சொல்லலை. கண்ணை மூடினா அந்தச் சத்தம்தான் கேக்குது. அதனாலதான் மாமா, பாக்கறவன்கிட்ட எல்லாம் வாய் ஓயாம பேசிக்கிட்டே இருக்கேன்.”

அவ்வளவுதான், பொலபொலவென்று அழுதான். கண்ணீர் மோவாயில் வழிந்து, காலரைப் பிடித்திருந்த கையின்மேல், தழும்பைத் தாண்டி விரல் பக்கமாகச் சொட்டியது.

“எதுக்குடா அழுவுறே? சுடுது” என்றார் கட்டிங்காரர் எரிச்சலாக.

கூடத்தில் கைதட்டல் நின்றுபோனது. மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என்னங்க சொன்னீங்க? எங்க சுடுது?”

அவர் மோவாயால் கையைக் காட்டினார்.