பேர் சொல்லாத வரைக்கும்

1

இந்தக் கதை ஓர் ஆண்டறிக்கையின் வயிற்றில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்து நீங்கள் முகம் சுளிக்க வேண்டாம்.

நான் கதை எழுதிப் பிழைப்பவள் அல்ல. கல்லூரி மலர், கம்பெனி மலர், மில் முதலாளியின் மணிவிழா மலர் என்று அடுத்தவர் பெருமையை எழுதிக் கொடுத்துக் காலம் தள்ளுகிறேன். காந்திபுரத்தில், லாட்ஜ் ஒன்றின் மேல்மாடியில், ஒரு சின்னக் கிறிஸ்தவ ஊழியத்தின் அலுவலகம் இருக்கிறது. அதை நடத்தும் பாஸ்டர் ரூபன் என்னை வரச் சொன்னார்.

“ஏனுங் மேடம், மலாவி நாட்டுல ஒரு வருசம் ஊழியம் பண்ணிப்போட்டு வந்திருக்கறமுங்க. போர் போட்டுத் தண்ணி குடுத்தோம், தாய்மாருக்குக் கிளினிக் வெச்சோம், தையல் சொல்லிக் குடுத்தோம். எல்லாத்தையும் நல்ல தமிழ்ல எழுதிக் குடுத்துருங்க.”

எழுதினேன். கடைசி வரி இப்படி: ‘ஆப்பிரிக்க ஊழியம் ஆண்டவர் கிருபையால் இனிதே நிறைவுற்றது.’ எனக்கே பிடித்திருந்தது. அங்கே நர்ஸாக இருந்துவிட்டு வந்த மதிவதனி, தகவல்களைச் சரிபார்க்க என் வீட்டுக்கு வந்தவள், அந்த வரியில் விரலை வைத்தாள்.

“இத மட்டும் எடுத்துப்போடுங்க்கா.”

ஏன் என்று கேட்டுத் தொலைத்தேன்.

2

எப்படித் தொடங்குவது?

‘தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், பெரிய ஏரி ஒன்றை ஒட்டிய கிராமத்தில் —’ பூகோளப் பாடம். வேண்டாம்.

‘செம்மண் புழுதியில் விமானம் இறங்கியபோது மதிவதனியின் விழிகள் —’ விமானம் புழுதியில் இறங்காது. விழிகளும் ஒன்றும் செய்யவில்லை. அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாளாம், கேட்டுவிட்டேன்.

‘தாராபுரத்துக்காரி ஒருத்தி தெரியாமல் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாள்.’ இது இருக்கட்டும்.

3

அவள் எனக்குப் பிடிபடவில்லை. முதல் பிரதியில் வெள்ளைப் புடவை கட்டி, கருணை வழியும் முகத்தோடு நிற்க வைத்தேன். (ஊழியம் என்றதும் என் பேனா தானாகவே அப்படிப் போகும். மணிவிழா மலர் எழுதிக் கெட்ட கை.) படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நானெங்கீங்க்கா புடவை கட்டுனேன்? சுடிதாருங்க. கருணையெல்லாம் பாஸ்டர் கணக்கு. எனக்கும் அவருக்கும் அங்க ஒரே சண்டைங்க.”

“எதுக்குக் கண்ணு?”

“ஜெபம் முடிஞ்சாத்தான் பைப்பத் தெறக்கோணும்னாருங்க. வெயில்ல கொடத்தோட நிக்கறாங்க பொம்பளைங்க. நான் முதல்லயே தெறந்துவுட்டுப்போட்டேன்.”

அவர்களுடைய சோளமாவுக் களியை முதல் வாரம் பழித்ததையும், ஊருக்கு வந்த பிறகு அதற்கு ஏங்கி அம்மாவைக் கிண்டச் சொன்னதையும் சொன்னாள். வெள்ளைப் புடவையை அடித்துவிட்டேன்.

4

இனிக் கதைக்கு வருகிறேன்.

கிளம்புவதற்குச் சில நாள் முன்னால், தடாலா என்ற பெண்ணுக்கு மதிவதனி பிரசவம் பார்த்தாள். கிளினிக் கூரையில் மழை அடித்ததில் பேச்சே கேட்கவில்லை. பெண் குழந்தை. பிறந்த பிள்ளையை முதலில் ஏந்திய கை யாருடையதோ அவர்தான் பெயர் வைக்க வேண்டும் என்பது தடாலா வீட்டு வழக்கம். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் இவள்.

புறப்படும் நாள் வந்தது. ஜீப் நிற்கிறது. தடாலா பிள்ளையை நீட்டி, பெயரைச் சொல்லிவிட்டுப் போ என்கிறாள். மதிவதனி பிள்ளையை வாங்கிக்கொண்டு, பெயர் ஒன்றும் தோன்றாமல் நின்றாள். நம் ஊரில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் ‘போறேன்’ என்று ஒருத்தரும் சொல்ல மாட்டோம். ‘வாரேனுங்க’ என்போம். (எங்கள் வீட்டுத் தெலுங்கிலும் ‘வெள்ளொஸ்தானு’தான். போய் வருகிறேன் என்று சொல்லி வராமலே போன சொந்தக்காரர்கள் எனக்கு நிறைய உண்டு.) அவள் அதையே அந்த ஊர்ப் பேச்சில் தனக்குத் தெரிந்த அளவுக்குத் திருப்பிச் சொன்னாள்: “ந்திப்வேரா.”

வருவேன்.

அங்கே அது விடைபெறும் சொல் அல்ல, வாக்கு. பெண்கள் குலவையிட்டார்கள். தடாலா சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கி முதுகில் கட்டிக்கொண்டாள். அப்படியானால் வந்தே பெயர் வை என்றாள்.

ஜீப் ஏரிக்கரை தாண்டிய பிறகுதான், தான் சொன்னது என்னவென்று மதிவதனிக்கு உறைத்தது.

5

(இந்தப் பகுதி இல்லாமலும் கதை நிற்கும். எனக்குப் பிடித்திருப்பதால் விட்டுவைக்கிறேன்.)

நான் மலாவியைப் பார்த்ததில்லை. மதியம் எழுதுகிற மேசையிலேயே கண் சொக்கும்போது அது வருகிறது. தாராபுரத்து அமராவதி ஆறு நேராகப் போய் அந்த ஏரியில் கலக்கிறது. காந்திபுரத்தில் நடத்துநர் ஊர்ப் பெயர்களை அடுக்குகிறார். ஒண்டிப்புதூருக்கு அடுத்து ஏரிக்கரை என்கிறார், யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பஸ் மெதுவாகச் செம்மண்ணில் ஓடுகிறது. ஒரு மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி முதுகில் பிள்ளை. ஜன்னல் ஜன்னலாக அவள் ஒரு முகத்தைத் தேடுகிறாள். நான் இறங்கவில்லை, என்னை யாரும் எதிர்பார்க்கவில்லை. கண் விழித்தால் வெளியே மேற்கு மலைப் பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருக்கும்.

6

அந்தப் பிள்ளை இப்போது தவழ்கிறது. இன்னும் பெயர் இல்லை. ‘வருகிறவளுடைய பிள்ளை’ என்று கூப்பிடுகிறார்களாம்.

போன வாரம் தடாலா செல்போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். மதிவதனி எனக்குப் போட்டுக் காட்டி, அர்த்தம் சொன்னாள்: அறுவடை முடிந்ததும் சபையில் ஞானஸ்நானம். பெயர் இல்லாமல் கொடுக்க மாட்டார்கள். நீ வா, அல்லது பெயரை அனுப்பு. பின்னால் பிள்ளை எதையோ தட்டுகிற சத்தம்.

பாஸ்டரைக் கேட்டேன். அவரைக் கெட்டவராக எழுதினால் கதைக்குச் சௌகரியம். ஆனால் அவர் சொன்னது இது:

“அந்தச் சபைய அவிங்க கையிலயே குடுத்தாச்சுங் மேடம். நாம திரும்பத் திரும்பப் போய் நின்னா அவிங்க நம்ம மூஞ்சியத்தான் பாத்துட்டு இருப்பாங்க. பேரப் போன்ல சொல்லிப்போட்டாப் போதுமுங்க.”

நியாயம்தானே? போதாக்குறைக்கு மதிவதனிக்கு மேட்டுப்பாளையத்தில் அரசு நர்ஸ் வேலை வந்திருக்கிறது. போனால் அது கிடைக்காது.

“பேரு யோசிச்சு வெச்சிருக்கியா அம்மணி?” என்று கேட்டேன்.

“ஜீப்லயே யோசிச்சுப்போட்டனுங்க.”

“அப்பறம் சொல்றதுக்கென்ன?”

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“சொல்லிப்போட்டா அப்பறம் நான் போகவே வேண்டீதில்லீங்களே. என்ற மனசு எப்படான்னு அதுக்குத்தான் காத்துட்டு இருக்குது. அது எனக்கே தெரியுதுங்க்கா.”

7

முடிவு ஒன்று: அரசு வேலையை உதறிவிட்டுப் போகிறாள். கை தட்டலாம். அங்கே அவள் என்ன சாப்பிடுவாள், எத்தனை வருஷம் இருப்பாள் என்று கை தட்டுகிறவர் யாரும் கேட்பதில்லை.

முடிவு இரண்டு: போனில் சொல்கிறாள். தடாலா நன்றி சொல்கிறாள். மதிவதனி பஸ் ஏறி மேட்டுப்பாளையத்துக்கு வேலைக்குப் போக, வழியெல்லாம் பாக்கு மரம் —

மூன்று: காத்திருந்து பார்த்துவிட்டுத் தடாலாவே ஒரு பெயரை வைத்துவிடுகிறாள்.

மூன்றையும் அவளிடமே வாசித்தேன். இரண்டு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் எழுந்துவிட்டாள்.

“அப்படி எழுதாதீங்க்கா. நான் வாய்ல வந்ததச் சொன்னவளாவே ஆயிருவேன்.”

“சரி, எனக்கு மட்டும் அந்தப் பேரைச் சொல்லு. கதையில போட மாட்டேன்.”

“நீங்க போட்டுருவீங்க,” என்றாள். என்னை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறாள்.

8

அறிக்கை அச்சுக்குப் போய்விட்டது. கடைசி வரியை எடுத்துவிட்டேன். ஏதோ விடுபட்டிருக்கிறது என்று அச்சகத்தில் கேட்டார்கள், ஆமாம் என்றேன். அறுவடை இன்னும் முடியவில்லை. மதிவதனி இன்னும் போகவும் இல்லை, பெயரை அனுப்பவும் இல்லை. இதற்கு மேல் எனக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் எழுத வெட்கமாக இருக்கிறது.

மிச்சம் உங்களிடம். ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் படித்துக்கொண்டே வரும்போது அந்தப் பிள்ளைக்கு நீங்களும் ஒரு பெயர் யோசித்திருப்பீர்கள். நல்ல பெயராகவே இருக்கும். வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். யாராவது ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும், அவள் போகவே மாட்டாள்.