பட்டை டாக்டரின் வீம்பு

சித்தப்பா கரண்டியை வாயருகே கொண்டுபோனார். அக்கா உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். கஷாயம் தாடை வழியே வழிந்து தலையணை உறையில் இறங்கியது. தம்பி துண்டால் துடைத்தான்.

"ஒரே ஒரு மடக்கும்மா. நீ ஆராய்ச்சி பண்ண அதே வில்லோ மரப்பட்டைதான். கேன்சர் கட்டியையே கரைச்சிடும்னு பாட்டில்ல போட்டிருக்கான்."

"யாரு, விக்கிறவனா?"

குரல் நூலாக இளைத்திருந்தது, குத்தல் இளைக்கவில்லை. இருபத்தாறு வருடம் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பட்டையை அரைத்து, வடித்து, அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தவள். தெருவில் அவள் பெயரே பட்டை டாக்டர்.

"இதுல சாலிசின்னு ஒண்ணு இருக்கு சித்தப்பா. வலிக்குக் கேக்கும். இன்னொண்ணு, கண்ணாடித் தட்டுல வளர்த்த கேன்சர் செல்லைக் கொன்னுச்சு. நானே பாத்தேன். ஆனா தட்டுல." மூச்சு வாங்கினாள். "தட்டுக்கு ஈரல் கிடையாது. எனக்கு இருக்கு, அதுவும் கெட்டுக் கிடக்கு. ரத்தம் உறையவே மாட்டேங்குது. இதைக் குடிச்சா இன்னும் கசியும்."

"போற உசுருக்கு அதையெல்லாம் பாக்கணுமா?"

"பாக்கணும். நான் குடிச்சா, 'பட்டை டாக்டரே குடிச்சாங்க'ன்னு நாளைக்கே அவன் பாட்டில்ல எழுதிடுவான்." தம்பி பக்கம் கண்ணைத் திருப்பினாள். "டேய், நினைவு தப்பினப்புறமும் ஊத்த விடாதே."

மதியம் நினைவு தப்பியது. சித்தப்பா மறுபடியும் கரண்டியை எடுத்தார். தம்பி தன் உள்ளங்கையால் அக்காவின் வாயை மறைத்துக்கொண்டான்.

"பைத்தியமாடா உனக்கு?"

அவள் மூச்சின் மெல்லிய சூடு விரலிடுக்கில் வந்து வந்து போனது. சித்தப்பா கரண்டியைக் கீழே வைக்கும்வரை அவன் கையை எடுக்கவில்லை. நாலு மணிக்கு மூச்சு நின்றது.

கூடம் நிறைய ஆட்கள் சேர்ந்ததும் சித்தப்பா வெடித்தார். "ஊருக்கே மருந்து தேடினவ, தன் வாயில ஒரு சொட்டு விடலை. இவனும் விட விடலை. குடிச்சிருந்தா எழுந்து உக்காந்திருப்பா!"

எல்லாக் கண்களும் தம்பிமேல் திரும்பின. இதுநாள்வரை சித்தப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவன் அவன்.

"உக்காந்திருக்க மாட்டா சித்தப்பா. குடிச்சிருந்தாலும் செத்திருப்பா. நிரூபிக்கிறவரைக்கும் எதையும் மருந்துன்னு சொல்லாம இருக்கறதுதான் அவ வேலை. கடைசி நாளும் வேலை பாத்துட்டுத்தான் போயிருக்கா."

"வீம்புடா, வீம்பு!"

"ஆமா. வீம்புதான். யாரும் அதைக் குறையாப் பேச வேண்டாம்."

வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரைக் கட்டிலை ஒட்டிப் போட்டார்கள். தம்பி தோள் பக்கம் குனிந்து, கால் பக்கத்துக்கு ஆள் தேடினான். சித்தப்பா சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"மூணு சொன்னதும் தூக்கணும்," என்றான்.

இருவரும் பலத்தையெல்லாம் கூட்டித் தூக்கினார்கள். அவள் அத்தனை சுலபமாக மேலே வந்துவிட, இரண்டு பேருமே நிலைதடுமாறி ஓரடி பின்னால் போனார்கள்.