பன்னிரண்டுக்கு ஒன்று

“பன்னிரண்டுக்கு ஒண்ணுன்னு நீதானே சொன்ன? போட்டாச்சு. அப்புறம் எதுக்கு இந்தக் கத்தல்?”

“இது சரிவா, சறுக்குமரமா? நீ இந்த நாற்காலில உக்காந்து ஏறிக் காட்டுடா பார்ப்போம்!”

துணி காயப்போடுவது என்று ஒரு வேலை இருப்பது எவ்வளவு நல்லது! ஈரத்துணி மூன்றுதான். அதை நான் அரைமணி நேரம் காயப்போட்டேன்.

எதிர்வீட்டுக் கணக்கு டீச்சருக்கும் அவள் தம்பிக்கும்தான் சண்டை. விபத்துக்குப் பிறகு டீச்சருக்குச் சக்கர நாற்காலிதான் கால். வீட்டுக்குள்ளேயே ட்யூஷன் எடுத்துக் கிடந்தவளுக்கு அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். படியை உடைத்துச் சரிவு கட்டித் தரப்போவதாகத் தம்பி தெருவெல்லாம் பீற்றிக்கொண்டான். பன்னிரண்டு அடி போனால் ஓர் அடிக்கு மேல் உயரக்கூடாது, அப்போதுதான் தன் கையாலேயே ஏற முடியும் என்று அவளும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

தம்பி அளவு டேப்பை ஆட்டினான். “கேட்டுல ஒரு புள்ளி, வாசக்கதவுல ஒரு புள்ளி. உயரம் ரெண்டடி, தூரம் இருபத்துநாலு. வகுத்துப் பாரு. நீ பாடம் எடுக்கிற கணக்குதான்!” இன்சூரன்ஸ் விற்கிற வாய், கேட்கவா வேண்டும்?

“உனக்குத் தோதான புள்ளியா எடுத்தா? நான் எடுக்கிறேன் பாரு.” நாற்காலியை நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். “கேட்டுலேர்ந்து இங்க வரைக்கும் பதினாலு அடி. ஒரு விரக்கடை ஏறல. மிச்சம் பத்தடியில ரெண்டடி ஏறணும். அஞ்சுக்கு ஒண்ணு! கோடு நேரா இருந்தாத்தான்டா எந்த ரெண்டு புள்ளியை எடுத்தாலும் ஒரே சாய்வு வரும். நீ போட்டது கோடே இல்ல, முழங்கை!”

சொன்னதோடு விடாமல் ஏறியும் காட்டினாள். பாதிகூடப் போகவில்லை, சக்கரம் பின்னால் உருண்டது. தம்பி பாய்ந்து பிடித்தான்.

“தொடாதே!”

“நான் தள்ளிவிட மாட்டேனா, அக்கா?”

“காலைல ஏழரைக்கு நீ முழிச்சு யாராவது பார்த்திருக்காங்களா?”

எனக்கு வந்த சிரிப்பை ஈரத்துண்டு அடக்கியது.

“அது சரி, இந்தப் பதினாலு அடி மட்டும் எதுக்குத் தட்டையா விட்ட?”

தம்பி டேப்பைச் சுருட்டினான். பதில் உள்ளேயிருந்து வந்தது, அவன் பெண்டாட்டியோடு. “அண்ணிகிட்ட சொல்லலையா நீங்க? அடுத்த வாரம் கார் வருது அண்ணி. சரிவுல நிறுத்தினா பிரேக் கெட்டுடுமாம்.”

“ஓரமாத்தான் நிறுத்துவேன்...” என்று இழுத்தான் அவன்.

“காருக்குச் சமதரை, எனக்கு மலையா? கூடப் பிறந்தவனாடா நீ?” டேப்பைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். என் கேட்டுவரைக்கும் வந்து விழுந்தது. “நாளைக்கே உடைச்சுக் கட்டு!”

“அப்ப காரை எங்க நிறுத்துறது?”

அவள் நாற்காலியைக் கேட்டுப் பக்கம் திருப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டியோடு பள்ளிக்கூடத்துக்கு எதிரே, படியே இல்லாமல் தெருமட்டத்தில் இருக்கும் ஓர் அறைக்குக் குடிபோய்விட்டாள். மறுவருஷம் அந்தப் பள்ளிக்கூட டிரைவரையே கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் வீட்டு வாசலைத்தான் பார்த்தாளாம். நான் சொல்லவில்லை, தம்பி பெண்டாட்டி சொன்னது.