சந்தனம் வைத்த பெட்டி

இது போன ஆயுத பூஜைக்கு நடந்ததா, அதற்கு முந்திய வருடமா என்று எனக்குத் திட்டமாக நினைவில்லை. தங்கசாமியே இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்.

அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சுக் குடோனுக்கு அவர்தான் பொறுப்பு. மனைவி சுகந்திக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனதில் குரல் போய்விட்டது. அதற்கு முன் அவள் போனில் அனுப்பிய குரல் செய்திகள் நாற்பத்தொன்றை அவர் வைத்திருந்தார். முக்கால்வாசி திட்டுதான். அவர் வைத்திருப்பது அவளுக்குத் தெரியாது.

போன் அடிக்கடி அணைந்துபோக ஆரம்பித்தது. செய்திகளை இணையத்தில் ஏற்றிவைக்கலாம் என்றார்கள்; முகம் தெரியாத கம்பெனியிடம் அவள் குரலைக் கொடுக்க மனம் வரவில்லை. பெங்களூரில் இருக்கும் மச்சினன் விஜயபாண்டி, போனில் இருப்பதைச் சேமித்துவைக்க, சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி அனுப்பினான்.

"நம்ம வீட்டுலயே நம்ம சர்வரு, மச்சான். வெளியாளு கை படாது."

"சரி மாப்ள, அதுல ஏத்துன பெறகு குரலு எங்க இருக்கும்? போன்லயா, பெட்டியிலயா?"

"ரெண்டுலயும் இருக்கலாம்."

"ஒரே மூட்டை எப்படிப்பா ரெண்டு குடோன்ல கெடக்கும்?"

"ஐயோ மச்சான், இது மூட்டை இல்ல…" லைன் போய்விட்டது.

பூஜையன்று காலை பெட்டியைப் பிளக்கில் செருகியதும், போன் திரை கேட்டது: நகலெடுக்கவா, நகர்த்தவா? வெகுநேரம் அதையே பார்த்திருந்தார். நகல் என்றால் அவருக்கு ஜெராக்ஸ்தான். அவளுடைய குரலுக்கு ஜெராக்ஸா? 'நகர்த்து' என்பதை அழுத்தினார். பெட்டியில் பச்சை விளக்கு மினுங்கியது. குடோன் பூஜைக்கு நேரமாகிவிட, கிளம்பிவிட்டார்.

மதியம் வந்தபோது பெட்டி சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. ஒரு பக்கம் அரிவாள்மனை, மறுபக்கம் கத்தரிக்கோல். ஈரத்துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒயரை அழகாகச் சுருட்டியிருந்தாள் சுகந்தி. தன் போனில் எழுதிக் காட்டினாள்: "புது மெசினு. இன்னைக்கு ஓய்வு. நாளைக்கு மறுபூஜை முடிஞ்சுதான் தொடணும்."

தன் போனைத் திறந்தார். ஒரு செய்திகூட இல்லை. கிளம்பும்போது விளக்கு மினுங்கிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அவளிடம் சொல்லவும் முடியவில்லை. பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தவர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மறுபூஜை முடிந்து ஒயரைச் செருகினார்கள். பதினேழுதான் இருந்தன.

"பெட்டி லோடை வாங்கிக்கிச்சு மச்சான். உள்ள அடுக்குறதுக்குள்ள பிளக்கை உருவிட்டாக," என்றான் விஜயபாண்டி போனில். "அப்ப மிச்சம் எங்க?" என்று கேட்டார் தங்கசாமி.

முதல் செய்தியைத் தட்டினார். "ஏங்க, காதுல விழுதா? கறிவேப்பிலைய மறந்துட்டு வந்தீக, வீட்டுக்குள்ள விடமாட்டேன்!"

அடுப்படியிலிருந்து சுகந்தி வந்து நின்றாள். சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு உட்கார்ந்து பதினேழையும் கேட்டாள்.

இருபத்து நான்கு செய்திகள் கிடைக்கவே இல்லை. பதினேழுக்கும் பெங்களூரில் மச்சினனிடம் ஒரு நகல் இருக்கிறது. சுகந்தி நலமாக இருக்கிறாள். விஜயபாண்டி அங்கேயே வேலையில் இருக்கிறான். தங்கசாமி குடோனுக்குப் போய்வருகிறார். ஒரே குரல் எப்படி இரண்டு ஊரில் இருக்கிறது என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை.